கடலூரிலிருந்து ஸ்பிட்டிக்குத் தனியாக பைக்கில் போவது எப்படி

தேவனாம்பட்டினம் மணலில் நிற்கும்போது கடல் மட்டத்துக்கும் நம் பாதத்துக்கும் ஓர் ஆள் உயரம்கூட வித்தியாசம் இருக்காது. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கை எட்டும் குன்சும் கணவாய் 4,551 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலூரில் கிடைப்பதில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு பைக்கும் ஓர் ஆளுமாகப் போய்த் திரும்ப என்னென்ன செய்ய வேண்டும் என்று, முதல் தடவை கிளம்பும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆட்களுக்காக எழுதுகிறேன்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை தப்பாகப் போனேன். காலையில் மணாலியில் கிளம்பி, குன்சும் ஏறி இறங்கி, அன்று இரவே ஸ்பிட்டியின் தலைமை ஊரான காசாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். இரவு முழுக்கத் தலைவலி, இரண்டு முறை வாந்தி. விடிந்ததும் "சரியாகிவிட்டது" என்று தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு, இன்னும் மேலே இருக்கும் கிப்பர் கிராமத்துக்குக் கிளம்பினேன். பைக் சாவியைக் காணோம். சட்டைப் பையில், போர்வைக்குள், கட்டிலுக்கு அடியில் என்று கால் மணி நேரம் தேடினேன். சாவி என் இடது கையில் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா சாவியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, மகனைக் கூப்பிட்டு என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னார். அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். மதியம் ஒரு ஜீப்பில் ஏற்றி, தாழ்வான இடமான தாபோவுக்கு அனுப்பினார்கள்.

உயரம் கால்களைத் தொடும் முன்பே புத்தியைத் தொட்டுவிடுகிறது. கூட ஓர் ஆள் இருந்தால் "நீ சரியாக இல்லை, உட்கார்" என்பார். தனியாகப் போகிறவருக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. அதனால் முக்கியமான முடிவுகளை எல்லாம் ஊரிலேயே, தெளிவான தலையோடு எடுத்து, ஒரு தாளில் எழுதி டேங்க் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் உங்கள் மனம் சொல்வதும் தாள் சொல்வதும் மோதினால் தாள் சொல்வதைக் கேளுங்கள். அந்தத் தாளில் எழுத வேண்டிய வரிகளை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

எந்த மாதம்

குளிர்காலத்தில் குன்சும் கணவாய் பனியால் அடைபட்டிருக்கும். வழக்கமாக மே கடைசி அல்லது ஜூனில் திறந்து, அக்டோபர் வரை போக்குவரத்து இருக்கும். சிம்லா, கின்னூர் வழியாக வரும் சாலை ஆண்டின் பெரும்பகுதி திறந்திருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். ஸ்பிட்டி மழை மறைவுப் பிரதேசம், அங்கே மழை குறைவு என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியெல்லாம் மழை கொட்டும், மலை சரியும். 2021 ஆகஸ்ட்டில் கின்னூரின் நிகுல்சாரியில் ஒரு பஸ்ஸும் மற்ற வண்டிகளும் சரிவில் புதைந்து பலர் இறந்தார்கள். 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிக் கூடாரங்களில் ஏறத்தாழ முந்நூறு பேர் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள்.

என் சிபாரிசு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. நம் கணக்கில் புரட்டாசி. அங்கே மழை விட்டிருக்கும், வானம் துடைத்தது போல இருக்கும், ஓடைகளில் தண்ணீர் வடிந்திருக்கும். ஐப்பசி மழை நம் ஊரில் பிடிப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். கெடிலமும் பெண்ணையாறும் பொங்கும் காலத்தில் வீட்டை விட்டு வெகுதூரம் போய் இருப்பது கடலூர்க்காரருக்கு நிம்மதி தராது. புரட்டாசியில் கவிச்சி சாப்பிடாதவர்களும் கவலைப்பட வேண்டாம். ராஜ்மா சாதம், ஆலு பராத்தா, காய்கறி போட்ட துக்பா (நூடுல்ஸ் சூப்) என்று சைவச் சாப்பாடு வழி முழுக்கக் கிடைக்கும்.

விடுப்பு குறைந்தது இருபது நாள் வேண்டும். அதில் மூன்று நாளை எதற்கும் ஒதுக்காமல் சும்மா விடுங்கள். தாளில் முதல் வரி: "சாலை இரண்டு நாள் திறக்கவில்லை என்றால் வந்த வழியே திரும்புவேன்."

எந்தப் பக்கமிருந்து ஏறுவது

ஸ்பிட்டிக்கு இரண்டு வாசல். மணாலி வாசல் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டரிலிருந்து 4,551 தொட்டு, இரவு தூங்க மூவாயிரத்து அறுநூறுக்கு மேல் கொண்டுபோய் விடும். எனக்கு நடந்தது அதுதான். சிம்லா வாசல் சுற்று வழி. ஆனால் படிப்படியாக ஏற்றும். முதல் தடவை போகிறவர் சிம்லா பக்கம் ஏறி மணாலி பக்கம் இறங்க வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

கணக்குப் போட வேண்டியது கிலோமீட்டரை அல்ல, இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை. மூவாயிரம் மீட்டருக்கு மேலே போன பிறகு, ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவே ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பகலில் அதற்கு மேல் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்கலாம். இரண்டாவது முறை நான் போன விதம் இது.

முதல் நாள் சண்டிகரிலிருந்து சிம்லாவைத் தாண்டி நார்கண்டா. உயரம் 2,700 மீட்டர். சிம்லாவின் நெரிசலில் தங்குவதைவிட ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நார்கண்டா நல்லது. இரண்டாம் நாள் சட்லெஜ் ஆற்றங்கரைக்கு இறங்கி, ராம்பூர் வழியாக ரெக்காங் பியோ, அங்கிருந்து மேலே கல்பா. இது 2,960 மீட்டர். எதிரே கின்னர் கைலாசம் நிற்கும். மூன்றாம் நாள் கல்பாவிலேயே இருங்கள். பைக்கைத் தொட வேண்டாம், ஊருக்குள் நடங்கள்.

நான்காம் நாள்தான் பலர் தவறுகிறார்கள். கல்பாவிலிருந்து கிளம்பி, சட்லெஜும் ஸ்பிட்டி ஆறும் சேரும் காப் பாலத்தைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் நாகோ கிராமம் வரும். சிறிய ஏரி, பழைய மடாலயம், அழகான ஊர். மாலையாகிவிட்டதே என்று அங்கேயே தங்கிவிடுவார்கள். நாகோ 3,660 மீட்டர், அதாவது ஒரே இரவில் எழுநூறு மீட்டர் ஏற்றம். நாகோவில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மலிங் சரிவுப் பகுதியைக் கவனமாகக் கடந்து, சும்தோ வழியாகத் தாபோ போய்த் தூங்குங்கள். தாபோ 3,280 மீட்டர்தான். இதற்காகக் கல்பாவில் காலை ஆறரைக்குள் கிளம்ப வேண்டும்.

தாபோவில் ஒரு நாள் முழுக்க இருக்கச் சொல்வதற்கு உடம்பு மட்டும் காரணமில்லை. அந்த மடாலயம் 996ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் முந்தியது. வெளியே பார்த்தால் மண் சுவர்கள். உள்ளே இருட்டில் கண் பழகியதும் சுவர் நிறைய ஓவியங்கள், ஆளுயரத்தில் சுதைச் சிற்பங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை; அதனால் உட்கார்ந்து பார்க்கலாம். நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு தூரம் எதற்கு வந்தோம் என்ற கேள்வி அதற்குப் பிறகு எனக்கு எழவில்லை.

ஆறாம் நாள் தன்கர் வழியாகக் காசா. குறைந்த தூரம்தான். காசாவில் மூன்று இரவுகள். பகலில் கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம் ஒரு நாள். லாங்சா, ஹிக்கிம், கோமிக் இன்னொரு நாள். ஹிக்கிமில் 4,400 மீட்டரில் ஒரு தபால் நிலையம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கார்டு போடுங்கள், நீங்கள் வந்து சேர்ந்த பிறகு கடலூருக்கு வந்து சேரும். இந்த ஊர்கள் எல்லாம் நாலாயிரத்துக்கு மேலே. பார்த்துவிட்டு இரவு காசாவுக்கே இறங்கிவிட வேண்டும்.

உடம்பு

இதை இரண்டு முறை படியுங்கள். உயர நோயின் முதல் அடையாளம் தலைவலி. கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கம் பிடிக்காமை. பார்ப்பதற்குப் பயணக் களைப்பு போலவே இருக்கும். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மூவாயிரத்துக்கு மேலே வரும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை, உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்தில் ஓய்வெடுங்கள். ஒரு நாளில் தெளிந்துவிட்டால் மேலே போகலாம். கூடினால் அன்றே இறங்க வேண்டும்.

அடுத்த கட்டம் உயிருக்கு ஆபத்தானது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், சளியில் நுரையோ இளஞ்சிவப்போ தெரிவது நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதற்கு அடையாளம். குழப்பம், தள்ளாட்டம் என்றால் மூளை வீங்குகிறது. ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்து அடி நடந்து பாருங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் பைக் ஓட்டக் கூடாது. நடுராத்திரியாக இருந்தாலும் வீட்டுக்காரரை எழுப்பி, வண்டி பிடித்து, மருத்துவமனைக்கோ கீழேயோ போக வேண்டும். ஆக்சிஜனும் மருந்தும் நேரம் வாங்கித் தரும். குணமாக்குவது இறங்குவதுதான்.

தாளில் இரண்டாவது வரி: "தலைவலியோடு ஒரு மீட்டர்கூட மேலே போகமாட்டேன்." மூன்றாவது வரி: "தினமும் காலையில் சாவியைத் தொடும் முன் பத்து அடி நடந்து பார்ப்பேன்."

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை, டயமாக்ஸ் என்று கேட்டால் தெரியும், உடம்பு உயரத்துக்குப் பழகுவதைத் துரிதப்படுத்தும். வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி எடுப்பார்கள். விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாமல் போகலாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் மருத்துவரைப் பார்த்து, அளவைக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் இந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடவே கூடாது. நல்ல உடற்கட்டு இருந்தால் உயர நோய் வராது என்பதும் தவறு. ஓட்டப்பந்தய வீரருக்கும் வரும்.

சாராயம் வேண்டாம். புதுச்சேரியிலிருந்து பாட்டில் எடுத்துப் போவது வழியில் உள்ள மாநிலங்களில் வழக்காகும் என்பது ஒரு பக்கம். உயரத்தில் குடித்தால் தூக்கத்தில் மூச்சு இன்னும் குறையும் என்பது அதைவிடப் பெரிய காரணம். குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டும் தூங்கக் கூடாது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது. இன்னொரு போர்வை கேளுங்கள், தருவார்கள்.

பைக்

சொந்த பைக்கா வாடகை பைக்கா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விடுப்பு இருந்தால் சொந்த பைக்தான். அதன் ஒவ்வொரு சத்தமும் நமக்குத் தெரியும், தனியாகப் போகும்போது அந்தப் பழக்கம் பெரிய துணை. 150 சிசி இருந்தாலே போதும். ஆனால் உயரத்தில் இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும். குன்சுமில் அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதனால் சுமையைக் குறைப்பதுதான் வழி. வாடகைக்கு எடுப்பதென்றால் சண்டிகரிலோ சிம்லாவிலோ எடுங்கள். நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது.

கடலோரத்து வண்டிகளுக்கு என்று ஒரு வேலை இருக்கிறது. உப்புக்காற்று நம் பைக்குகளைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தின்றிருக்கும். கிளட்ச் கேபிளின் முனை, பேட்டரி முனைகள், சைலன்சர் போல்ட், ஸ்போக், வயரிங் கனெக்டர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த போல்ட் ஆயிரம் குலுக்கலில் உடையும், ஸ்பிட்டியில் ஆயிரம் குலுக்கல் என்பது அரை நாள். பிரேக் பேட், செயின், டயர் மூன்றும் பாதி தேய்ந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். இந்த வேலையைக் கிளம்புவதற்கு முதல் நாள் செய்யாமல் ஒரு மாதம் முன்பே செய்து, ஐந்நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிள், கிளட்ச் லீவர், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், டியூப், பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டுவதை வீட்டு வாசலில் மூன்று முறை நீங்களே செய்து பாருங்கள்.

பைக்கை டெல்லி வரை ரயிலில் அனுப்பி, அங்கிருந்து சண்டிகருக்கு ஓட்டிப் போவது நல்லது. நீங்கள் போகும் ரயிலிலேயே லக்கேஜாகவும் போடலாம், தனியாகப் பார்சலாகவும் போடலாம். புதுச்சேரியிலிருந்து புதுடெல்லிக்கு வாரம் ஒரு நேரடி ரயில் இருக்கிறது. பைக் ஏற்றுவதற்குச் சென்னை சென்ட்ரல் வசதி. அங்கிருந்து தினமும் ரயில் உண்டு. ஆர்சி நகல், காப்பீடு, அடையாள அட்டை வேண்டும். டேங்க்கைச் சொட்டு இல்லாமல் வடிக்க வேண்டும். சாக்கும் ஸ்பாஞ்சும் வைத்துக் கட்டுவதற்கு அங்கேயே ஆட்கள் இருப்பார்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு நம் பக்கத்து மலைகள்

கடலூரில் பெரிய ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். ஆனால் நெய்வேலி, விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போனால் ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் எழுபது. கொல்லிமலையை இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இன்ஜின் பிடியில் இறங்கப் பழக வேண்டும். பிரேக் சூடாகித் தளர்ந்துபோவது சமவெளிக்காரர்கள் கற்பனை செய்யாத ஆபத்து. நடைக்குச் செஞ்சி ராஜகிரிக் கோட்டை. முதுகில் ஐந்து கிலோ பையோடு வாரம் ஒரு முறை.

பையில் என்ன

மெல்லிய துணிகளை அடுக்கடுக்காகப் போடுவதுதான் குளிருக்கு வழி. உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, வெளியே காற்றும் மழையும் நுழையாத ஜாக்கெட். கம்பளியைச் சிம்லா கடைகளில் வாங்கலாம், நம் ஊரில் தேடி அலைய வேண்டாம். கையுறை இரண்டு ஜோடி. ஓடையில் ஒன்று நனையும். வெயில் கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக்கு வாசலின். குளிர்கிறதே என்று ஏமாறாதீர்கள், அந்த வெயில் தோலை உரித்துவிடும்.

சாப்பாட்டுக்கு நம் ஊர்ச் சரக்கே சிறந்தது. ஒரு கிலோ பண்ருட்டி முந்திரி, கடலை மிட்டாய், சுக்கு, ரசப்பொடி, ஓஆர்எஸ் பாக்கெட். உயரத்தில் பசி செத்துவிடும், ஒரு கைப்பிடி முந்திரி மட்டும் இறங்கும். அந்த முந்திரியில் பாதியைத் தங்கும் வீடுகளில் கொடுத்தேன். அதற்குப் பதிலாகக் கிடைத்த உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீர் முதல் மடக்கில் ஒத்துக்கொள்ளாது, மூன்றாவது மடக்கில் பிடித்துப்போகும்.

காகிதம், பணம், போன்

இந்தியக் குடிமக்களுக்கு இந்த வழியில் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் சட்டப்படி வெளிநாட்டவர். கின்னூரிலிருந்து ஸ்பிட்டிக்குள் போகும் எல்லையோரப் பகுதிக்கு இன்னர் லைன் பெர்மிட் வாங்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் வேண்டும். சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கலாம். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் செயற்கைக்கோள் போனோ அவசரச் செய்தி அனுப்பும் கருவியோ அன்பாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு நாம் எப்படி இருந்தோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லை, போன் இல்லை, ஏடிஎம் இல்லை, சாலை முழுக்க மரம். ஸ்பிட்டியில் ஒரே ஒரு சரிவு உங்களை அதே நிலையில் வைத்துவிடும். ரெக்காங் பியோவிலேயே ஒரு வாரத்துக்கான பணத்தை ரொக்கமாக எடுத்துவிடுங்கள். பெட்ரோலும் அப்படித்தான். ரெக்காங் பியோ பக்கத்தில் நிரப்பினால் அடுத்தது இருநூறு கிலோமீட்டர் தள்ளிக் காசா. அதற்கப்புறம் மணாலி பக்கம் போகும்வரை இன்னொரு இருநூறு. முதல் கியரிலேயே ஓட்டுவதால் மைலேஜ் இறங்கும். ஐந்து லிட்டர் கேன் ஒன்று கட்டாயம்.

போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்என்எல் சிம் ஒன்று கூட இருக்கட்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரவில் போனையும் பவர் பேங்கையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

தாளின் ஒரு நகல் வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும். எந்த இரவு எந்த ஊர், பைக் எண், இரத்த வகை, முன்பதிவு செய்த வீடுகளின் எண் எல்லாம் அதில். அம்மாவிடம் கொடுக்காதீர்கள், பதறிப்போவார். நிதானமான ஒரு நண்பரிடமோ மாமாவிடமோ கொடுங்கள். "குறித்த ஊரிலிருந்து முப்பத்தாறு மணி நேரம் தகவல் இல்லை என்றால், கடைசியாகத் தங்கிய வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அங்கே தெரியவில்லை என்றால் போலீஸுக்குச் சொல்லுங்கள்" என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். அதற்கு முன்னால் அவர் பதற வேண்டியதில்லை. அங்கே சிக்னல் இல்லாமல் ஒரு நாள் போவது சாதாரணம்.

சாலையில்

மலைச்சாலையை வழிமறித்து ஓடும் ஓடைகளை அங்கே நாலா என்கிறார்கள். பனி உருகி வரும் தண்ணீர். இரவு உறைந்து காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயில் ஏறியதும் பிற்பகலில் தொடை அளவு வரும். நம் கடற்கரையில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் விடியும் முன்பே படகை இறக்குவது போல, இங்கேயும் நேரம் தண்ணீருக்கு ஏற்றபடிதான். தாளில் நான்காவது வரி: "பகல் ஒரு மணிக்கு மேல் பெரிய நாலாவைக் கடக்கமாட்டேன்."

நாலாவின் கரையில் இன்ஜினை நிறுத்துங்கள். இன்னொரு வண்டி கடப்பதைப் பார்க்கும்வரை காத்திருங்கள், அதன் சக்கரம் எங்கே முங்குகிறது என்று பாருங்கள். தண்ணீர் பழுப்பாக, கல் உருளும் சத்தத்தோடு வந்தால் அன்றைக்கு இல்லை. முழங்காலுக்கு மேல் இருந்தாலும் இல்லை. கடக்கலாம் என்றால் முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், கிளட்ச்சைத் தொடாமல், கண்ணை அக்கரையில் வைத்துக்கொண்டு போங்கள். நடுவில் நின்றுவிட்டால் பைக்கை விடலாம், நீங்கள் நிற்க வேண்டும்.

மலை தொங்கும் இடங்களில் படம் எடுக்க நிற்காதீர்கள். மேலே சிறு கற்கள் உருள ஆரம்பித்தால் பெரியது பின்னால் வருகிறது என்று அர்த்தம். திருப்பங்களில் ஹாரன் அடியுங்கள். செங்குத்தான குறுகிய சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. அக்டோபர் காலைகளில் நிழல் விழும் வளைவுகளில் கண்ணாடி மாதிரி பனி இருக்கும். அங்கே பிரேக் பிடித்தால் விழுவீர்கள். இருட்டில் ஓட்டுவது இல்லவே இல்லை, அது தாளில் ஐந்தாவது வரி.

சாலை நிலவரத்துக்கு இணையத்தைவிட நம்பகமானவர் அரசு பஸ் ஓட்டுநர். ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்குப் பஸ் ஓடுகிறது. எதிரே அந்த பஸ் வந்தால் வழி திறந்திருக்கிறது. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால் நின்று விசாரியுங்கள். இந்தி தெரியாது என்று தயங்காதீர்கள், எனக்கும் தெரியாது. நான்கு வாக்கியம் போதும். "ராஸ்தா குலா ஹை?" என்றால் வழி திறந்திருக்கிறதா. "நாலே மே பானி கித்னா ஹை?" என்றால் ஓடையில் தண்ணீர் எவ்வளவு. "பெட்ரோல் கஹான் மிலேகா?" பெட்ரோல் எங்கே கிடைக்கும். "தபியத் டீக் நஹீ ஹை" உடம்பு சரியில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தயங்காதீர்கள். யாரைப் பார்த்தாலும் "ஜூலே" என்றால் வணக்கம், அதற்கு ஒரு சிரிப்பு நிச்சயம் கிடைக்கும்.

இறங்கும் நாள்

காசாவிலிருந்து மணாலி ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். கிராம்பூ என்ற இடம் வரை பாதி வழியில் சாலை என்று சொல்ல முடியாது, ஆற்றுக் கற்களின் மேல் ஓட்ட வேண்டும். பத்து மணி நேரம் வையுங்கள். முந்தின மாலையே காசாவில் டேங்க்கையும் கேனையும் நிரப்பி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பத்து அடி நடந்து பார்த்துவிட்டுப் படுங்கள். காலை ஆறு மணிக்கு, வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் லோசர் கிராமத்தில் சாப்பிட்டு, பத்துக்குள் குன்சும் தொடலாம். அங்கே அம்மன் கோயிலை வண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவது வழக்கம். சுற்றுங்கள், பத்து நிமிடம் நில்லுங்கள், அதற்கு மேல் அந்த உயரத்தில் வேலை இல்லை.

சந்திரதால் ஏரி முதல் தடவையில் வேண்டாம் என்பேன். அங்கே தங்குவது 4,250 மீட்டரில், கூடாரத்தில், தனியாக. கணவாய்க்குக் கீழே பாதலில் ஒரு தாபாவில் சூடாக ராஜ்மா சாதம் கிடைக்கும். சாப்பிட்டுக்கொண்டே, அடுத்து வரும் சத்ரு என்ற இடம் வரை உள்ள நாலாக்களைப் பற்றி எதிர்ப்பக்கமிருந்து வந்த ஓட்டுநர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டாம் என்று தலையை ஆட்டினால் பாதலிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் போங்கள். ஒதுக்கி வைத்த மூன்று நாள் இதற்குத்தான். ஆனால் பாதல் உயரமான இடம், தலைவலி இருந்தால் அங்கே தங்கும் யோசனை கிடையாது, ஏதாவது வண்டியில் இடம் கேட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும்.

கிராம்பூ தாண்டியதும் தார்ச்சாலை வரும். ரோதாங் பக்கம் ஏறாமல் கீழே சிஸ்ஸு பக்கம் இறங்கினால், 2020இல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கம் உங்களை மணாலி பக்கம் கொண்டுவிடும். சுரங்கத்துக்கு முன்பே போனில் சிக்னல் வந்துவிடும். ஓரமாக நிறுத்தி, தாளின் நகலை வைத்திருப்பவரைக் கூப்பிட்டு "இறங்கிவிட்டேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் டீ குடிக்கலாம்.

மணாலியில் ஒரு நாள் ஓய்வு. பிரேக் பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் தேய்ந்திருக்கும். போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டு சண்டிகருக்கு இறங்கி, டெல்லியில் பைக்கை ஏற்றிவிடுங்கள். ஊருக்கு வந்ததும் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். ஸ்பிட்டியின் மண் அதில் மாவு போல அப்பியிருக்கும்.